வாரனா, கோப்பியா?

இருவருமே ஆபரா என்கிற மேற்கத்திய இசைநாடகத்தின் பாரிடோன்கள், அதாவது நடுத்தர ஆண்குரல் பாடகர்கள். நியூயார்க்கில் பிறந்த லெனர்ட் வாரனுக்கு அங்குள்ள மெட்ரோபாலிடன் ஆபரா (சுருக்கமாக ‘மெட்’) அரங்குதான் வீடு மாதிரி. 1953இல் மிலானின் லா ஸ்காலா அரங்கு, 1958இல் சோவியத் பயணம் என்று வெளியே போனாலும் திரும்பி வந்தது அங்கேதான். இத்தாலியரான டிட்டோ கோப்பி ஊர் ஊராகச் சுற்றியவர்: ரோம், லண்டன், சிகாகோ. நடுவே சினிமாவும் உண்டு.

குரல் மட்டும் என்றால் எனக்கு வாரன்தான். மேலே போகப் போக விரிகிற குரல். மற்ற பாரிடோன்கள் திணறும் உச்சஸ்தாயியில் அவர் நிம்மதியாக நிற்பார். கோப்பியிடம் அந்தச் செழுமை இல்லை. ஆனால் 1964இல் லண்டன் கோவன்ட் கார்டன் அரங்கில் பாடகி மரியா காலஸுடன் அவர் பாடிய ‘டோஸ்கா’ ஆபராவின் இரண்டாம் அங்கம் படமாகவே இருக்கிறது. கொடுங்கோல் அதிகாரி ஸ்கார்ப்பியாவாக வந்து, ஒரு சொல்லை அவர் மெல்ல இழுக்கும்போதே நமக்கு வயிற்றைப் பிசைகிறது.

சரி, புதிதாகக் கேட்பவர் கோப்பியில் தொடங்கட்டும். பாஷை புரியாவிட்டாலும் முகம் கதை சொல்லிவிடும். அப்புறம் வாரன். 1960 மார்ச் 4 அன்று, ‘சாவது பயங்கரமான விஷயம்’ என்று தொடங்கும் இசையமைப்பாளர் வெர்டியின் ஆபராப் பகுதியைப் பாடி முடித்த சற்று நேரத்தில் மெட் மேடையிலேயே சரிந்து இறந்தார். வயது 48.