'கேன்சல் ஆன வண்டி, உடனே டெலிவரி': மின்சாரக் கார் வாங்குமுன் சேஸிஸ் எண்ணைக் கேளுங்கள்

"சார், ஒரு கேன்சலேஷன் வண்டி நிக்குது. நீங்க கேட்ட அதே கலர், டாப் வேரியன்ட். இன்னைக்கு புக் பண்ணா வெள்ளிக்கிழமை டெலிவரி." மூன்று மாதம் காத்திருக்கச் சொன்ன ஷோரூமிலிருந்தே இப்படி ஒரு போன் வந்தால் யாருக்கும் கை பரபரக்கும். பரபரக்கட்டும், கூகுள் பேயை மட்டும் திறக்க வேண்டாம்.

இன்னொருவர் புக் செய்து எடுக்காமல் விட்டதாலேயே ஒரு வண்டி கெட்ட வண்டி ஆகிவிடாது. அவருக்குக் கடன் கிடைக்காமல் போயிருக்கும், வீட்டில் நிறம் பிடிக்காமல் போயிருக்கும். மறைப்பு நடப்பது இரண்டு விஷயத்தில். காகிதத்தில் அந்த வண்டி எவ்வளவு தூரம் முதல் ஆளுடையதாகிவிட்டது என்பது ஒன்று. யார்டில் எத்தனை மாதம், எந்த நிலையில் நின்றது என்பது மற்றொன்று. பெட்ரோல் கார் என்றால் இரண்டாவதை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். மின்சாரக் காரில் அது பேட்டரியைத் தொடும்.

பணம் கொடுக்குமுன் சேஸிஸ் எண்ணை எழுத்தில் வாங்குங்கள். "அலாட் ஆன பிறகுதான் தருவோம்" என்பார்கள். எடுக்காமல் விட்ட வண்டி என்றாலே ஒருமுறை அலாட் ஆன வண்டிதானே, அதற்கு எப்படி எண் இல்லாமல் போகும்? 17 இலக்கத்தில் பத்தாவது எழுத்து பெரும்பாலான கம்பெனிகளில் ஆண்டைக் காட்டும்: 2023க்கு P, 2024க்கு R, 2025க்கு S, 2026க்கு T. மாதம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதில் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. விற்பனைச் சான்றான படிவம் 21இல் உற்பத்தி மாதமும் ஆண்டும் எழுதியாக வேண்டும். அதன் வரைவைக் காட்டச் சொல்லுங்கள். ஆர்சியிலும் இதுதான் ஏறும். நாளை நீங்கள் விற்கப் போகும்போது விலை பேசுபவர் முதலில் பார்ப்பதும் இதைத்தான். ஜனவரியில் வாங்கும் வண்டி போன வருடத் தயாரிப்பு என்றால், புது வருட வண்டியின் விலையைக் கொடுப்பது வீண்.

அடுத்தது பலரும் கோட்டைவிடும் இடம். மாதக் கடைசியில் இலக்கை எட்டுவதற்காக, வண்டி யார்டில் நிற்கும்போதே முதல் வாடிக்கையாளர் பெயரில் கம்பெனி சிஸ்டத்தில் விற்பனையை ஏற்றிவிடும் வழக்கம் டீலர்களிடம் உண்டு. 'ரீட்டெயில் போட்டாச்சு' என்பார்கள். அவர் பிறகு பின்வாங்கினால், அந்தப் பதிவைத் திருப்பும்வரை வாரண்டிக் கடிகாரம் அவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். டாடா, மஹிந்திரா, எம்ஜி ஆகியவை சில மாடல்களுக்கு வாழ்நாள் பேட்டரி வாரண்டி தருகின்றன. அது முதல் உரிமையாளருக்கு மட்டும். கைமாறினால் ஆண்டுக்கும் கிலோமீட்டருக்கும் வரம்பு வந்துவிடும். ஒரு மின்சாரக் காரின் விலையில் கணிசமான பங்கு அந்த பேட்டரிதான். ஆகவே வாரண்டி தொடங்கும் தேதி எது, யார் பெயரில் என்பதைக் கம்பெனி சிஸ்டத்தின் திரையிலேயே பாருங்கள், அதையே மின்னஞ்சலிலும் கேட்டு வாங்குங்கள். முதல் ஆளுக்கு இன்வாய்ஸ் போட்டிருந்தால் அதை ரத்து செய்த கிரெடிட் நோட்டும் இருக்க வேண்டும்.

ஆர்டிஓ பதிவு வரைக்கும் போய் நின்றுபோன வண்டிகளும் உண்டு. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, உங்களிடம் கையெழுத்து கேட்கும் தாளைப் படிப்பது. புதுப் பதிவுக்கு படிவம் 20. பெயர் மாற்றத்துக்கு 29, 30. "ஃபார்மாலிட்டிதான் சார்" என்று பின்னிரண்டையும் நீட்டினால் நீங்கள் இரண்டாவது உரிமையாளர். அதோடு படிவம் 35ம் வந்தால், முதல் ஆளின் வங்கிக் கடன் அந்த வண்டிமேல் ஏறி இறங்கியிருக்கிறது. பழைய வண்டி விலைக்குத் தந்தால் பேசலாம், புது வண்டி விலைக்கு வேண்டாம்.

முதல் ஆள் விட்டுப்போகும் சில்லறை வால்களும் இருக்கும். அவர் பெயரில் எடுத்த இன்சூரன்ஸை ரத்து செய்திருக்க வேண்டும். அந்தச் சேஸிஸ் எண்ணுக்குக் கொடுத்த ஃபாஸ்டேக்கை மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உங்களுடையது சிக்கலாகும். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு டீலர் உங்களிடம் முன்கூட்டியே பிடிக்கும் 1 சதவீத வருமான வரி (டிசிஎஸ்) உங்கள் பான் எண்ணில் ஏறியதா என்பதை வருமான வரி இணையதளத்தில் பாருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் கார் செயலி. அவருடைய போன் எண் வண்டியோடு இணைந்தே கிடந்தால், உங்கள் கார் எங்கே நிற்கிறது என்பது அவர் கையில் தெரியும். சில மாடல்களில் கதவையும் திறக்கலாம். அவருக்காக மாட்டிய சீட் கவரையும் கோட்டிங்கையும் உங்கள் பில்லில் ஏற்றப் பார்ப்பார்கள். நீங்கள் கேட்காததற்கு நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை.

இனி வண்டி. யார்டில் நிற்கும் மின்சாரக் காரில் முதலில் சாவது சின்ன 12 வோல்ட் பேட்டரி. அது இறங்கினால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் 'ரெடி' ஆகாது. வாடிக்கையாளர் வருமுன் ஜம்ப் கொடுத்துத் தயாராக வைப்பது ஷோரூம் பழக்கம். கார் ஆனில் இருக்கும்போது மல்டிமீட்டர் வைத்தால் பெரிய பேட்டரியிலிருந்து டிசி மாற்றி ஊட்டும் 13.5, 14 வோல்ட்தான் காட்டும், அதிலிருந்து எதுவும் தெரியாது. இரவு முழுக்க அணைத்து வைத்த வண்டியைக் காலையில் அளக்கச் சொல்லுங்கள். லெட் ஆசிட் வகையில் 12.6 இருந்தால் நல்லது. 12.0 பக்கம் வந்தால் சல்ஃபேட் படிந்திருக்கும். டெலிவரிக்கு முன்பே புதிது மாட்டச் சொல்லுங்கள். அதன் வாரண்டி தனி, குறுகியது.

பெரிய பேட்டரிக்கு இரண்டு எதிரிகள். 100 சதவீதம் ஏற்றி, மே மாத வெயிலில் மாதக்கணக்கில் நிறுத்தினால் ஓடாமலேயே கொள்ளளவு குறையும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் விட்டுவிட்டால் இன்னும் மோசம்: செல் அளவுக்கு மீறி இறங்கும்போது உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரைந்து, மறுபடி ஏற்றும்போது வேண்டாத இடத்தில் படியும். நீண்ட நிறுத்தத்துக்குப் பாதியளவு சார்ஜ்தான் சரி. யார்டில் இதை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

சோதிப்பது கடினமில்லை. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் என்றால் முதலில் மெதுவான ஏசி சார்ஜரில் 100 வரை ஏற்றச் சொல்லுங்கள். அந்த வகையில் மின்னழுத்தம் நெடுந்தூரம் ஒரே மாதிரி நிற்பதால், நின்ற வண்டியின் சதவீதக் கணக்கு தப்பாகியிருக்கும். பிறகு இறக்கி, ஷோரூமின் டிசி சார்ஜரில் 20இலிருந்து 80 வரை ஏற்றுங்கள். 45 யூனிட் பேட்டரிக்கு 60 சதவீதம் 27 யூனிட். சார்ஜர் திரையில் ஒன்றிரண்டு முன்பின் இருந்தால் பரவாயில்லை, 22, 23இல் நின்றால் பேட்டரி சுகமில்லை. ஸ்கேனரை மாட்டிச் செல்களுக்கிடையே மின்னழுத்த வேறுபாட்டையும் பிழைக் குறியீடுகளையும் அச்செடுத்துக் கேளுங்கள். எல்எஃப்பியில் அந்த வேறுபாடு நிறைந்த நிலையிலோ காலியாகும் நிலையிலோதான் வெளிப்படும், நடுவில் எல்லாம் சமமாகவே தோன்றும்.

சென்னை வண்டி என்றால் வெள்ளம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கார்கள் மிதந்தது நினைவிருக்கும். "பேட்டரி ஐபி67 சார், தண்ணி ஒண்ணும் பண்ணாது" என்பது பாதி உண்மை. ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பதுதான் அந்தக் குறியீட்டின் பொருள். இரண்டு நாள் நின்ற தண்ணீருக்கு அது உத்தரவாதமில்லை, கேபினுக்குள் இருக்கும் வயரிங்குக்குப் பொருந்தவே பொருந்தாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து முனையில் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள், கார்ப்பெட்டைத் தூக்கி முகருங்கள், சீட் அடியில் உள்ள போல்ட்டில் துரு இருக்கிறதா பாருங்கள். லிஃப்ட்டில் ஏற்றி பேட்டரிப் பெட்டியின் அடித்தகட்டையும், ஆரஞ்சு நிற கேபிள்களில் எலி கடித்த தடத்தையும் தேடுங்கள். வண்டியின் வயதை டயரும் சொல்லும்: 3524 என்றிருந்தால் அது 2024இன் 35ஆவது வாரத் தயாரிப்பு. பிரேக் டிஸ்கில் மேலோட்டமான துரு சகஜம். மோட்டாரே வேகத்தைக் குறைக்கும் ரீஜென் பிரேக்கால் அது போக நாளாகும். குழி விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். டிக்கியில் போர்ட்டபிள் சார்ஜர் இருக்கிறதா, சுவர் சார்ஜர் ஏற்கெனவே முதல் ஆளின் வீட்டில் மாட்டிவிட்டார்களா என்பதையும் கேளுங்கள். விட்டுப்போன சாஃப்ட்வேர் அப்டேட்டுகளை டெலிவரிக்கு முன்பே முடிக்கச் சொல்லுங்கள்.

முன்பணம் ஷோரூம் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும். ரசீதில் சேஸிஸ் எண், வாரண்டி தொடங்கும் தேதி, 'முதல் உரிமையாளர்' என்ற சொல், ரத்தானால் எத்தனை நாளில் பணம் திரும்பும் என்பது இருக்கட்டும். டெலிவரி நாளில் ரசீதிலுள்ள எண்ணைக் காரில் பொறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள், ஓடோமீட்டரோடு சேர்த்துப் படமெடுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். அங்கே வாயால் சொன்னது எடுபடாது, அந்த ரசீதும் மின்னஞ்சலும் எடுபடும்.