1,800 வெள்ளி கொடுத்து அத்தையைக் குண்டாக்கிய கதை

போன வருடம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். அலமாரியில் கிடந்த பழைய கேசட்டுகளை எல்லாம் ஒரு மணி நேரப் படமாக்கி மண்டபத்தில் போடலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான், அதனால் வீட்டில் வேறு யாரையும் திட்டவும் முடியவில்லை. பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு வீடியோ கடை, பெயர் வேண்டாம். “எந்த கேசட்டா இருந்தாலும் கொண்டு வாங்க அண்ணே, ஃபோர்கே ஆக்கி, ஒரே கேமராவுல எடுத்த மாதிரி தர்றோம்” என்றார்கள். மொத்தம் 1,800 வெள்ளி (ரிங்கிட்), அதில் 450 வெள்ளி ‘கலர் மேட்சிங்’ என்று ரசீதில் தனியாக. நல்லவேளை அந்த ரசீதைத் தூக்கிப் போடவில்லை.

கொடுத்தது 1993 கல்யாண விஎச்எஸ், 1998 தைப்பூசத்தில் மாமா எடுத்த ஹை8, 2006-ல் தங்கச்சி சடங்குக்கு வீடியோக்காரர் எடுத்த மினிடிவி (சின்ன டிஜிட்டல் கேசட்), அதே சடங்கை அமெரிக்காவிலிருந்து வந்த சித்தப்பா தன் கேமராவில் எடுத்த இன்னொரு மினிடிவி, அப்புறம் கைப்பேசியில் எடுத்த கொஞ்சம். விசேஷத்துக்கு முந்தின நாள் ராத்திரிதான் கையில் தந்தார்கள். அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

போட்டதும் முதலில் வந்தது அத்தை. பழைய 4:3 படத்தை 16:9 திரை முழுக்க இழுத்துவிட்டால் ஆள் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடுவார். “நான் அப்பவே இவ்வளவு குண்டாவாடா இருந்தேன்?” என்று மறுநாள் மண்டபத்திலேயே கேட்டார். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டிருந்தால் போதும், ஒரு பட்டனில் முடிகிற வேலை.

ஆனால் என்னைக் கொதிக்க வைத்தது தேங்காய். தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வெள்ளித் தேர் டத்தோ கெராமட் சாலையில் வரும்போது அப்பா தேங்காய் உடைக்கிற காட்சி, அரை நிமிடம்கூட இருக்காது, வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். இவர்கள் கொடுத்த படத்தில் அப்பாவின் கை கீழே வருகிறது, சட்டென்று மேலே போகிறது, திரும்ப வருகிறது. சிதறின ஓடு பின்னால் துள்ளி முன்னால் பறக்கிறது, கை ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு. நம் ஊர் பால் (PAL) முறை வீடியோவில் நொடிக்கு 25 படம், ஒவ்வொன்றும் இரண்டு அரைப்படம் (ஒன்றில் ஒற்றை வரிகள், மற்றதில் இரட்டை வரிகள்), இரண்டுக்கும் நடுவே ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளி. மினிடிவியில் கீழ்வரி அரைப்படம் முதலில் வரும். ஹை8, விஎச்எஸ் மாதிரி அனலாக் கேசட்டைப் பதிவு செய்யும் கார்டுகள் பலவற்றில் மேல்வரி முதலில் வரும். இரண்டையும் ஒரே டைம்லைனில் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் ஒன்றில் காலம் முன்னும் பின்னுமாக ஓடும். அந்தக் கிளிப்பில் வரிசையை மாற்றிச் சொன்னாலே சரியாகிவிடும். அசையாத முகத்தில் இது தெரியாது, அதனால் அவர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள், அல்லது பார்த்தும் விட்டுவிட்டார்கள்.

சித்தப்பா கேசட் அமெரிக்க முறையான என்டிஎஸ்சி, நொடிக்கு 29.97 படம். அதை 25-க்கு முறையாக மாற்றாமல் அப்படியே சொருகியதில் நொடிக்கு ஐந்து படம் காணாமல் போய், தங்கச்சிக்கு ஆரத்தி எடுக்கிற தட்டு விக்கி விக்கிச் சுற்றுகிறது. சரி, 450 வெள்ளி கலராவது? வீடியோக்காரர் தன் மஞ்சள் லைட்டிலும் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிற மாதிரி வைட் பேலன்ஸ் வைத்திருந்தார், சித்தப்பா எதுவும் வைக்கவில்லை. ஒரே மாம்பழப் பட்டு இந்தக் கேமராவில் மாம்பழம், அந்தக் கேமராவில் கிச்சிலிப்பழம், இரண்டு நொடிக்கு ஒரு தடவை மாறி மாறி. மொத்தப் படத்துக்கும் ஒரே ஃபில்டரைப் பூசியிருக்கிறார்கள், அதனால் வித்தியாசம் அப்படியே இருக்கிறது, எல்லாம் சேர்ந்து பழுப்பாகிவிட்டது. விஎச்எஸ்-ஐ ‘ஷார்ப்’ ஆக்குகிறேன் என்று அம்மா கன்னத்தில் எறும்பு ஓட விட்டிருக்கிறார்கள்.

கேட்டால், “பழைய கேசட்டுன்னா அப்படித்தான் அண்ணே இருக்கும்.” ஒரிஜினல் பதிவுகளைக் கேட்டு வாங்கினேன், அங்கேதான் பிடிபட்டார்கள். மினிடிவியை, கேமராவைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஃபயர்வயர் என்ற டிஜிட்டல் கேபிளில் எடுத்தால் கேசட்டில் இருக்கிற டிஜிட்டல் பதிவு அப்படியே வரும், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி. இவர்கள் தந்தது ஒன்றரை ஜிபி எம்பி4. மஞ்சள் அனலாக் கேபிளில் எடுத்து நசுக்கியிருக்கிறார்கள்.

கோலாலம்பூரில் எடிட்டிங் செய்கிற நண்பர் ஒருவரிடம் வீடியோக்காரரின் கேசட்டைக் கொடுத்தேன். தன் பழைய லேப்டாப்பில் ஃபயர்வயரில் எடுத்தார், கண்ணாடி மாதிரி இருந்தது. அவர் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கேமராவை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மற்றதை முதலில் கறுப்பு, பிறகு வெள்ளை, கடைசியில் முகத்தோல் என்று, கண்ணை நம்பாமல், வெளிச்ச அளவைக் காட்டும் வேவ்ஃபார்ம் வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொரு கிளிப்பாக இழுத்தார். விஎச்எஸ்-ஐக் கூர்மையாக்கவில்லை, பக்கத்தில் வருகிற மினிடிவியைத்தான் ஒரு துளி மென்மையாக்கினார்.

நீங்கள் எங்காவது கொடுப்பதாக இருந்தால், முன்பணம் கட்டும் முன் இரண்டு வேறு கேசட்டின் காட்சிகளை ஒட்டி ஒரு நிமிடம் செய்து காட்டச் சொல்லுங்கள், வேகமாக அசைகிற காட்சியாகப் பார்த்து. பதிவுக் கோப்புகளும் எனக்கு வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடலாம். மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை மூன்று வருடத்துக்குள் வழக்குப் போடலாம். கடையில் தீர்ப்பாயத்தின் பெயரை எடுத்த அன்றே கலருக்கு வாங்கிய 450 வெள்ளி திரும்பி வந்தது. மீதிக்கு மனு போட்டிருக்கிறேன்.

சித்தப்பா கேசட் மட்டும் இன்னும் வரவில்லை. “தேடுறோம் அண்ணே” என்கிறார்கள். லேபிளில் பச்சை மையில் ‘பாப்பா சடங்கு’ என்று எழுதியிருக்கும். உங்கள் கேசட்டுகளோடு தவறி வந்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.