யார்க் ரயில்வே மியூசியம் போறீங்களா, எல்லர்மேன் லைன்ஸை விட்டுடாதீங்க

இங்கிலாந்துல இருக்கற யார்க் நேஷனல் ரயில்வே மியூசியத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, ஸ்டேஷன்ல இறங்கி நடந்தே போயிடலாம். கிரேட் ஹாலுக்குள்ள போனதும் எல்லாரும் நேரா மல்லார்டுகிட்டதான் ஓடுறாங்க, 1938ல மணிக்கு 203 கிலோமீட்டர் போன இன்ஜின், கண்டிப்பா பாக்கணும்தான். ஆனா போட்டோ எடுத்து முடிச்சுட்டு 35029 நம்பர் எல்லர்மேன் லைன்ஸ்ங்கற ஸ்டீம் இன்ஜின் பக்கம் வாங்க, என்னைக் கேட்டா மொத்த மியூசியத்துலயும் இதை அடிச்சுக்க வேற எதுவும் இல்ல.

1949ல ஈஸ்ட்லீ ஒர்க்ஷாப்ல கட்டின இன்ஜின். ஒரு பக்கத்தை அப்படியே வெட்டித் திறந்து வெச்சிருக்காங்க, பாய்லர் உள்ள என்னதான் இருக்குன்னு முழுசா தெரியுது. கீழ வரிசையா சின்ன ட்யூப், மேல ஆவியை இன்னும் சூடாக்கற தடியான சூப்பர்ஹீட்டர் குழாய், நெருப்பு எரியற பெட்டியான ஃபயர்பாக்ஸோட உள்சுவரையும் வெளிச்சுவரையும் இழுத்துப் புடிச்சுட்டு இருக்கற ஏகப்பட்ட ஸ்டே, அதாவது சின்னச் சின்ன உலோகக் கம்பி. அந்த ரெண்டு சுவருக்கும் நடுவுல இருக்கற இடைவெளியை கிட்டப் போய்ப் பாருங்க, தண்ணி நிக்கறதும் அங்கதான், உப்பும் சகதியும் போய் படியறதும் அங்கதான், படிஞ்சிடுச்சுன்னா சூடு தண்ணிக்குப் போகாம தகடு காய ஆரம்பிக்கும், அப்புறம் ஸ்டே உடையும், லீக் வரும். அதனாலதான் இன்னிக்கும் ஓடற பழைய இன்ஜின்களுக்கு பாய்லர் ஓட்டையை அடைச்சிருக்கற பிளக்கெல்லாம் கழட்டி ஹோஸ் விட்டு அடிக்கடி கழுவுறாங்க. ஃபயர்பாக்ஸ் கூரை மேல எப்பவும் தண்ணி இருந்தாகணும், குறைஞ்சா அங்க இருக்கற ஈய பிளக் உருகி ஆவி நெருப்பு மேல இறங்கும், நம்ம குக்கர் சேஃப்டி வால்வு மாதிரியேதான்.

பிரிட்டன்ல ஓடற ஹெரிடேஜ் இன்ஜினுக்கு பொதுவா பத்து வருஷத்துக்கு ஒரு தடவை பாய்லரைத் தூக்கி வெளிய வெச்சு, ட்யூபெல்லாம் உருவி, தகடு எவ்வளவு தேஞ்சிருக்குன்னு அளந்து, தண்ணி நிரப்பி பிரஷர் டெஸ்ட் பண்ணுவாங்க. இதே மியூசியம் 2004ல வாங்கின ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்ங்கற பிரபலமான ஸ்டீம் இன்ஜின் வேலையெல்லாம் முடிஞ்சு லைனுக்கு வர 2016 ஆச்சு, 40 லட்சம் பவுண்டுக்கு மேல செலவு. எதுக்கு இவ்ளோ காசுன்னு கேக்கறவங்களை இந்த வெட்டின பாய்லர் முன்னாடி அஞ்சு நிமிஷம் நிக்க வெச்சா புரிஞ்சிடும்.

வெட்டிட்டதால இது இனி ஸ்டீம்ல ஓடவே முடியாதேன்னு வருத்தப்படறவங்க உண்டு. இந்த வகையில 30 கட்டினாங்க, 11 தப்பிச்சிருக்கு, அதுல ஒண்ணை எல்லாரும் பாத்துக் கத்துக்கக் கொடுத்தது ரொம்ப சரின்னுதான் எனக்குத் தோணுது.

பசங்களோட போறவங்க அங்க இருக்கற வாலண்டியர்கிட்ட பேச்சு கொடுங்க, கேக்கக் கேக்க சொல்வாங்க. ஸ்கூல் லீவுல போனா கூட்டத்துல நின்னு பாக்க முடியாது, சாதாரண நாள்ல காலையிலயே போயிடுங்க.