எல்சிஆர்ஏ: அணையின் கணக்கை ஊரறிய வைத்திருக்கும் ஆணையம்

டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டினிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் குடியிருப்பவர்களுக்குக் குடிநீர், மின்சாரம், வெள்ளம் ஆகிய மூன்றில் எதைப் பேசினாலும் எல்சிஆர்ஏ என்ற பெயர் குறுக்கே வந்துவிடும். லோயர் கொலராடோ ரிவர் அத்தாரிட்டி என்பது அதன் விரிவு. இந்தக் கொலராடோ, கிராண்ட் கேன்யன் வழியாக ஓடும் கொலராடோ அன்று; டெக்சாஸுக்குள்ளேயே பிறந்து மட்டகோர்டா விரிகுடாவில் கடலைச் சேரும் வேறோர் ஆறு. 1934-இல் மாநிலச் சட்டமன்றம் உருவாக்கிய இந்த ஆணையத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. மின்சாரத்தையும் தண்ணீரையும் விற்றும் பிற சேவைகளுக்குக் கட்டணம் பெற்றும் அணைகளையும் பூங்காக்களையும் பராமரித்து வருகிறது. பல ஆண்டுகளாக ஆஸ்டினில் வசித்து, அதன் தகவல் சேவையை ஏறக்குறைய நாள்தோறும் பயன்படுத்துகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஆஸ்டினுக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாக 6 ஏரிகள் இருந்தாலும், தண்ணீரைச் சேமித்து வைப்பவை பக்கானன், டிராவிஸ் ஆகிய இரண்டு மட்டுமே. மற்ற நான்கும் வரும் நீரை அப்படியே கீழே அனுப்பிவிடும். அந்த இரண்டின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 20 லட்சம் ஏக்கர்-அடி. நமக்குப் பழகிய கணக்கில் சொன்னால் சுமார் 87 டி.எம்.சி., அதாவது மேட்டூரின் 93.47 டி.எம்.சி.யைவிடச் சற்றுக் குறைவு. இவற்றிலும் வெள்ளத்தைத் தாங்குவதற்கென்று தனியாக இடம் ஒதுக்கப்பட்டிருப்பது டிராவிஸில் மட்டும்தான். கடல் மட்டத்திலிருந்து 681 அடியில் அது நிரம்பியதாகக் கணக்கு. அதற்கு மேல் 714 அடி வரையுள்ள வெற்றிடம் வெள்ளத்துக்காகக் காத்திருக்கிறது.

இந்த ஆணையத்தின் சேவைகளில் நான் முதலிடம் கொடுப்பது ஹைட்ரோமெட் என்ற இணையப் பக்கத்துக்கு. ஆற்றுப் படுகை முழுவதும் நிறுவப்பட்டுள்ள 270-க்கும் மேற்பட்ட அளவிகள் மழையளவையும் நீர்மட்டத்தையும் நீர்வரத்தையும் அனுப்பிக்கொண்டே இருக்க, அவற்றை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். 2018 அக்டோபர் 16 அன்று, டிராவிஸுக்கு மேலே கொலராடோவில் கலக்கும் லானோ ஆற்றில் வந்த வெள்ளம் கிங்ஸ்லாந்தில் ஒரு பாலத்தையே அடித்துச் சென்றபோதுதான் அதன் அருமை எனக்குப் புரிந்தது. அன்றிரவு கைப்பேசியை வைத்துக்கொண்டு விழித்திருந்தேன். பக்கத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் டிராவிஸ் என்ற பெயருக்கு எதிரே இருந்த எண்ணின் கடைசி இலக்கங்கள் கூடியிருந்தன. டிராவிஸைத் தேக்கி வைத்திருக்கும் மான்ஸ்ஃபீல்டு அணையின் 24 மதகுகளில் நான்கைத்தான் திறந்தார்கள். ஏரி 704 அடியைத் தாண்டிய நிலையிலும் ஏன் இன்னும் திறக்கவில்லை என்று கரையோரத்தில் வீடு வைத்திருந்தவர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் 681 அடிக்கு மேல் ஏறிய நீரை ராணுவப் பொறியாளர் படையின் விதிப்படிதான் வெளியேற்ற முடியும் என்பதும், அவசரப்பட்டுத் திறந்தால் கீழேயுள்ள ஆஸ்டினும் பாஸ்ட்ரப்பும் மூழ்கும் என்பதும் அந்தப் பக்கத்தைத் தொடர்ந்து பார்த்து வந்தவர்களுக்கு விளங்கியிருக்கும். எந்த மதகு எப்போது திறக்கும் என்று முன்கூட்டியே அறிந்திருந்த ஊரில் வதந்திக்கு இடமில்லாமல் போனது. வெள்ளத்தோடு வந்த வண்டலால் அடுத்த வாரம் நகரம் முழுவதும் குடிநீரைக் காய்ச்சிக் குடிக்க நேர்ந்தது வேறு கதை.

குறை என்று சொல்வதானால், எல்லாமே கடல் மட்ட அடியிலும் ஏக்கர்-அடியிலும் இருப்பதால் புதிதாகப் பார்ப்பவர்களுக்குத் தலைகால் புரியாது. 681 என்ற ஒரே எண்ணை மனத்தில் பதித்துக்கொண்டால் மற்றவை தாமாகப் பிடிபடும்.

பூங்காக்கள் நாற்பதுக்கும் மேல். டிராவிஸ் கரையிலுள்ள மியூல்ஷூ பெண்ட் போன்றவற்றில் வசதிகள் சொற்பம் என்பதால் குடிநீரைக் கையோடு கொண்டுபோவது நல்லது. நிழலும் நடைபாதையும் வேண்டுமென்றால் பாஸ்ட்ரப் அருகேயுள்ள மெக்கின்னி ரஃப்ஸ்.

தண்ணீரைப் பங்கிடும் முறையை மட்டும் என்னால் அவ்வளவு எளிதாகப் பாராட்ட முடியவில்லை. நகரங்களும் மின்நிலையங்களும் உறுதியளிக்கப்பட்ட நீரைக் கூடுதல் விலைக்கு வாங்குகின்றன. வார்ட்டன், கொலராடோ, மட்டகோர்டா மாவட்டங்களின் நெல் விவசாயிகள் பெறுவதோ குறைந்த விலையிலான, பற்றாக்குறை வந்தால் நிறுத்தப்படக்கூடிய நீர். ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதப்பட்ட ஏற்பாடுதான் இது. 2011-இல் ஏரிகளுக்கு வந்த நீர்வரத்து அதுவரை பதிவான ஆண்டுகளிலேயே மிகக் குறைவு. 2012 மார்ச் 1 நள்ளிரவுக்குள் இரண்டு ஏரிகளிலும் சேர்த்து 8,50,000 ஏக்கர்-அடி இருந்தால்தான் பாசனத்துக்குத் தண்ணீர் என்று வரம்பு வைத்திருந்தார்கள்; இருப்பு நூலிழையில் அதை எட்டவில்லை. பழைய நீருரிமை கொண்ட கார்வுட் பகுதியைத் தவிர்த்துப் பெரும்பாலான வயல்களுக்கு அந்த ஆண்டு தண்ணீர் நின்றது. தொடர்ந்து 2015 வரை அதே நிலை.

2013 கோடையில் டிராவிஸ் கரைக்குப் போயிருந்தேன். நீர்மட்டம் 620 அடிக்கும் கீழே இருந்தது. படகு இறக்கும் கான்கிரீட் சரிவு வெடித்த மண்ணில் போய் முடிந்தது. எதிர்க்கரைச் சுண்ணாம்புப் பாறையில் பழைய நீர்மட்டம் வெள்ளைப் பட்டையாகத் தலைக்கு மேல் வெகு உயரத்தில் தெரிந்தது. அவ்வளவு வற்றிய ஏரியிலிருந்து பாசனத்துக்கும் திறந்திருந்தால் நகரத்தின் குழாய்கள் என்னவாகியிருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் வீட்டுப் புல்வெளிக்கு வாரம் ஒருமுறை தண்ணீர் விட எங்களுக்கு அனுமதி இருந்த அதே காலத்தில், கடைமடையில் நெல் விதைக்க முடியாமல் போயிற்று என்பது என்னை இன்றும் உறுத்துகிறது. அந்த நெல் வயல்கள் குளிர்காலத்தில் வந்திறங்கும் நீர்ப்பறவைகளுக்கும் இரைக்களம்.

ஆகவே வெள்ளக்காலத் தகவலுக்கு முழு மதிப்பெண்ணும், வறட்சிக்கால நீர்ப்பங்கீட்டுக்குப் பாதியும் தருவேன். அணைக் கணக்கை இவ்வளவு வெளிப்படையாக வைத்திருக்கும் ஆணையத்திடம் நான் கேட்பது இதுதான்: நீர் மேலாண்மைத் திட்டத்தின் நீண்ட ஆவணங்களைப் புரட்டவிடாமல், டிராவிஸின் நீர்மட்டம் தெரியும் முகப்புப் பக்கத்திலேயே, இந்தப் பருவத்தில் கீழே எந்தெந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் உண்டு, எதற்கு இல்லை என்பதையும் எழுதி வையுங்கள்.