தோட்டத்து மண் அணை: பத்து வருஷப் புழக்கத்தில் பார்த்தது

காங்கேயத்துக்குத் தெற்கே, எங்கள் கொரங்காட்டின், அதாவது மேய்ச்சல் நிலத்தின், தாழ்ந்த மூலையில் ஒரு சின்ன மண் அணை இருக்கிறது. அப்பாரு கட்டியது. கரை உயரம் பதினாலு அடி இருக்கும். ஓடையை மறித்ததல்ல, பட்டா நிலத்தில் விழும் மழைத்தண்ணீர் வழிந்து வந்து சேரும் இடம். தோட்டப் பொறுப்பு என் கைக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆடு மாடு குடிக்கிறது, கீழ்க்கிணறு ஊறுகிறது, லீவு விட்டால் சொந்தக்காரப் பிள்ளைகள் அத்தனை பேரும் இதில்தான் கிடக்கிறார்கள். இப்படி ஓர் அணையில் பிள்ளைகளை விடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தாராளமாக விடலாம். ஆனால் குளிக்கிற இடம் வேறு, கரை வேறு என்று முதலிலேயே பிரித்துவிட வேண்டும்.

பவானிசாகரும் மண் அணைதான். சுமார் 8 கிலோமீட்டர் நீளம், 1955-ல் கட்டி முடித்தது. அதைப் பார்த்துக்கொள்ளப் பொறியாளர்கள் இருக்கிறார்கள். 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேலான அணைகளுக்கும், சில நிபந்தனைகளோடு 10 மீட்டருக்கு மேலானவற்றுக்கும்தான். நம்முடையது அதில் வராது. அதனால் யாரும் வந்து பார்க்கமாட்டார்கள். நாம்தான் கரையில் நடக்க வேண்டும்.

முன்பெல்லாம் பிள்ளைகள் மதகு மேல் நின்றுதான் குதிப்பார்கள், ஆழம் அங்கேதான் என்பதால். மதகுக் குழாய் திறந்திருக்கும்போது அதன் வாய்ப் பக்கம் போன காலைத் தண்ணீர் இழுத்து அமுக்கிவிடும், பெரிய ஆளாலேயே பிடுங்க முடியாது. கரைக்கும் கேடுதான். ஏறி இறங்கிய தடத்தில் புல் செத்துப்போய், ஓர் ஐப்பசி மழையில் முழங்கால் ஆழத்துக்கு அறுத்துவிட்டது. ஈர மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி நிரப்பி, மேலே கொழுக்கட்டைப் புல் வைத்தோம். குளியலை எதிர்ப்புறம், நிலம் மெதுவாகத் தண்ணீருக்குள் சரியும் பக்கம் மாற்றினோம். சேற்றில் கால் புதையாமல் இருக்கச் சரளை கொட்டியிருக்கிறோம். இடுப்பளவு ஆழத்தில் ஒரு கயிறு, அதில் காலிக் கேன்கள். கயிற்றைத் தாண்டுவது நீச்சல் தெரிந்த பெரியவர்கள் மட்டும். வண்டல் ஏறிக்கொண்டே இருப்பதால் போன வருஷ ஆழம் இந்த வருஷம் இருக்காது, ஆகவே தலைகீழாகக் குதிப்பது யாருக்கும் கிடையாது.

புங்க மரத்தில் நீளக் கயிறு கட்டிய லாரி டியூப் எப்போதும் தொங்கும். வேறு வேலைக்கு அதை யாரும் எடுப்பதில்லை. முங்குகிற பிள்ளை பெரும்பாலும் கத்தாது, கை வீசாது. சத்தமில்லாமல் போய்விடும். அதனால் குளிக்கிற இடத்தின் ஓரத்தில் ஒரு பெரியவர், கையில் செல்போன் இல்லாமல், உட்கார்ந்தே ஆக வேண்டும். காப்பாற்றப் போகிறேன் என்று இறங்கி இரண்டு பேராக முங்குவதுதான் ஊரெங்கும் நடக்கிறது. முதலில் டியூபை எறிய வேண்டும்.

கரை விஷயத்தில் என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது ஒரு கார்த்திகை மாதம். அணை நிரம்பி, மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலிங்குக்கு ஒரு சாண் கீழே நின்றது. ஆடு மேய்க்கும் பையன் ஓடி வந்தான்: "மாமா, கரைக்கு அடியில தண்ணி கலங்கலா வருதுங்க!" கரை கசிவது எப்போதும் இருப்பதுதான், தெளிவாக வந்தால் பரவாயில்லை. டம்ளரில் பிடித்துப் பார்த்தேன், அடியில் செம்மண் படிந்தது. கரையின் மண்ணே உள்ளிருந்து கரைந்து வருகிறது என்று அர்த்தம். களிமண் வைத்து அடைக்கச் சொன்னார்கள். அடைத்தால் தண்ணீர் வேறு வழி தேடும். ஆற்று மணல், அதன் மேல் சின்ன ஜல்லி, அதன் மேல் பெரிய கல் என்று அடுக்கினோம். தண்ணீர் வெளியேறும், மண் நிற்கும். மட்டத்தையும் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்கினோம். அவசரப்பட்டு வடித்தால், ஊறிக் கனத்த உட்சரிவு சரிந்து விழும். கோடையில் தோண்டியபோது காரணம் தெரிந்தது: எப்போதோ வெட்டிய வேலமரத்தின் வேர் மட்கி, கட்டைவிரல் நுழையும் அளவுக்குக் கரைக்குள் பொந்து. அதிலிருந்து கரையில் ஒரு கன்றுகூட வளர விடுவதில்லை. எலி, நண்டு வளைகளையும் புல்லை அறுத்த கையோடு பார்த்து அடைத்துவிடுகிறோம்.

அப்புறம் கலிங்கு. மீன் விட்டவர்கள் மீன் போய்விடக் கூடாதென்று கலிங்கில் வலை கட்டுகிறார்கள். தயவுசெய்து கட்டாதீர்கள். ஒரே ராத்திரி மழையில் சருகும் முள்ளும் வலையில் அடைத்து, தண்ணீர் கரை மேல் ஏறிவிடும். மண் கரைக்கு மேலே தண்ணீர் போனால் அதற்கப்புறம் செய்ய ஒன்றுமில்லை. குஜராத்தில் மச்சு அணை 1979 ஆகஸ்ட் 11 அன்று அப்படித்தான் உடைந்து மோர்பி நகரத்தை அழித்தது. எங்களிடம் ஜிலேபியும் கட்லாவும் உண்டு, தூண்டில் போட வருபவர்களும் உண்டு. வெள்ளத்தில் நாலு மீன் போனால் போகட்டும்.

வண்டல் அள்ளும்போது ஜேசிபிக்காரரைக் கரை ஓரம் நெருங்கவே விடாதீர்கள். அடியைச் சுரண்டினால் கரை உட்காரும். பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றிப் பச்சை ஆடை படிந்தால் குளியலை நிறுத்திவிடுவோம், மாட்டையும் விடமாட்டோம். அந்தப் பாசியில் விஷம் உண்டு.

கரைக்குக் கீழே ஒரு சாளையும் (குடிசை வீடு) ஆட்டுப்பட்டியும் இருக்கின்றன. அங்கே இருப்பவர்களிடம் என் நம்பரைக் கொடுத்து, கலங்கல் தண்ணீர் கண்டால் நேரம் பார்க்காமல் கூப்பிட்டு, ஆட்டையும் பிள்ளைகளையும் மேட்டுக்கு ஓட்டிவிடச் சொல்லியிருக்கிறேன். இப்படி ஓர் அணை உங்களிடம் இருந்தால், ஐப்பசிக்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.