மூடிய பிறகும் உறங்காத மடிக்கணினி

அக்கா மகன் நேற்று இரவு தொலைபேசியில் கேட்டான்: "மாமா, நீங்கள் வைத்திருக்கிற அதே லேப்டாப் இப்போது 9,000 ரூபாய் குறைந்திருக்கிறது. வாங்கலாமா?" சட்டென்று பதில் சொல்ல வாய் வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இரண்டு ஆண்டு நான்கு மாதம் தோளில் சுமந்த பொருளை ஒற்றைச் சொல்லில் தள்ளுவதும் தவறு, தூக்கிவைப்பதும் தவறு.

என் வேலையைச் சொன்னால்தான் என் கோபம் புரியும். வீடு காட்பாடி காந்தி நகரில். ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கத்துச் சிறிய தோல் கூடங்களுக்கும், காலணிக்கு மேற்பாகம் தைத்துக் கொடுப்பவர்களுக்கும் ஜிஎஸ்டி கணக்கு எழுதுகிறேன். மாதம் 11ஆம் தேதி விற்பனை விவரம், 20ஆம் தேதி வரி அறிக்கை. இந்த இரண்டு தேதிகளுக்கு முன்னால் மற்ற எல்லாத் தேதிகளும் எனக்கு ஒன்றுதான். பில் கட்டுகள் அவர்களிடம் இருக்கும். நான்தான் போக வேண்டும். போகிற இடத்தில் மின்சாரம் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஆகவே எனக்குப் பேட்டரி என்பது வசதி அல்ல, தொழில்.

சென்ற மே 20. கத்திரி வெயில். இரவெல்லாம் சார்ஜில் இருந்த கணினி 100 காட்டியது. மூடினேன், சார்ஜரைப் பிடுங்கினேன், பையில் வைத்தேன், காட்பாடியில் ரயில் ஏறினேன். பச்சகுப்பம் தாண்டும்போது முதுகில் ஏதோ சுட்டது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். ஆம்பூரில் இறங்கி, இரண்டு பேரைப் பார்த்துவிட்டுப் என் வாடிக்கையாளரான பாயின் தோல் கூடத்துக்குப் போய்த் திறந்தபோது மணி பதினொன்று. பேட்டரி 41. அடிப்பாகத்தில் கை வைக்க முடியவில்லை. பதினொன்றே காலுக்கு மின்சாரம் போனது. ஒரு மணிக்கு முன்பே திரை கறுத்தது.

மின்சாரம் திரும்பியது மாலை ஐந்தரைக்கு. ஒரு நாள் தாமதித்தால் 50 ரூபாய் கட்டணம், வரிக்கு வட்டி தனி. தொகை சிறியதுதான். ஆனால் அறுபதைத் தாண்டிய அந்த மனிதர், கைபேசிக்கு வரும் ரகசிய எண்ணைச் சொல்வதற்காக இரவு 11.40 வரை தோல் கட்டின் மேல் உட்கார்ந்து, அட்டை ஒன்றை எடுத்து எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். "பரவாயில்லை ஆடிட்டர் சார், நிதானமாகப் போடுங்கள்" என்றார். ஆடிட்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அப்படித்தான் கூப்பிடுவார். அந்த விசிறல் இன்னும் என் முகத்தில் படுகிறது.

மறுநாளே வேலூரில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். ஐந்து நிமிடம் பார்த்தார்கள். "பேட்டரி போய்விட்டது சார்." புதியது 4,600 ரூபாய், பழையதை எடுத்துக்கொண்டு 300 கழித்தார்கள். நானும் கேள்வி கேட்கவில்லை. ஏறக்குறைய மூன்று வாரம் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு வெளிவேலை இல்லாத வாரங்கள் அவை. ஜூன் 10ஆம் தேதி ராணிப்பேட்டைக்குக் கிளம்பிப் போய்ப் பையைத் திறந்தால், அதே சூடு. புதிய பேட்டரியில் 52.

அன்று இரவு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். விண்டோஸில் பேட்டரியின் சாதகத்தையே எடுத்துக் கொடுக்கும் ஒரு கட்டளை இருக்கிறது. கட்டளைச் சாளரத்தில் (கமாண்ட் பிராம்ப்ட்) 'பவர்சிஎஃப்ஜி' (powercfg) என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு (/) போட்டு, 'பேட்டரிரிப்போர்ட்' என்று ஒட்டி அடிக்க வேண்டும். ஒரு கோப்பு உருவாகும், உலாவியில் திறக்கலாம். தொழிற்சாலையில் பேட்டரிக்கு நிர்ணயித்த கொள்ளளவு ஒன்று, இப்போது முழுதாக ஏற்றினால் பிடிக்கிற அளவு ஒன்று, இரண்டும் அருகருகே இருக்கும். கீழே இறங்கினால் வாரவாரியாகப் பழைய வரலாறும் இருக்கும்.

அந்த வரலாற்றில்தான் பார்த்தேன். கழற்றிக் கொடுத்த பழைய பேட்டரியின் கடைசி வாரம்: நிர்ணயித்தது 42,000 மில்லிவாட் மணி, பிடித்தது 36,900. ஏறக்குறைய 88 சதவீதம். நல்ல பேட்டரி. கத்திரி வெயிலிலும் உழைத்துக்கொண்டிருந்த பேட்டரி. அதை 300 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். சார்ஜ் நிற்கவில்லை என்று வருகிறவர்களில் பலருக்குப் பேட்டரிதான் போயிருக்கும். ஆனால் இந்த ஒரு கட்டளையை அடிக்க ஒரு நிமிடம் ஆகாது. அதைச் செய்யாமல் திருப்புளியை எடுத்தது தவறு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பேட்டரி குற்றவாளி இல்லை என்றால் யார்? அதே கட்டளையில் சாய்கோட்டுக்குப் பின் 'ஏ' என்ற ஒற்றை எழுத்தைப் போட்டால், இந்தக் கணினிக்கு எந்தெந்த உறக்கம் தெரியும் என்று காட்டும். பழைய கணினிகளில் எஸ் 3 என்ற உறக்கம் இருந்தது. மூடினால் நினைவகத்துக்கு மட்டும் ஒரு துளி மின்சாரம் போகும், மற்றதெல்லாம் அணைந்துவிடும். என் கணினியில் எஸ் 3 கிடையாது. அதற்குப் பதில் எஸ் 0 என்ற ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். கைபேசியைப் போலத் திரை மட்டும் அணையும். அஞ்சல் வாங்கவும் புதுப்பித்தல்களை இறக்கவும் உள்ளே விழித்தே இருக்கும். ஒரே ஒரு பாகம் அடங்க மறுத்தாலும் போதும், பை அடுப்பாகிவிடும்.

எது அடங்கவில்லை என்பதற்கும் அறிக்கை உண்டு: சாய்கோட்டுக்குப் பின் 'ஸ்லீப்ஸ்டடி'. இரவு 10.40க்கு மூடி, காலை 6.15க்குத் திறந்தேன். 38 சதவீதம் காலி. சிவப்பில் நின்ற பெயர் வைஃபை கருவியுடையது. அதை இயங்கவைக்கும் மென்பொருளான இயக்கியைப் (டிரைவர்) புதுப்பித்ததும் இரவுச் செலவு 9 சதவீதத்துக்கு இறங்கியது. இன்னொன்றையும் கவனித்தேன். முதலில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அப்புறம் மூடினால் குறைவாக இறங்குகிறது. மூடிவிட்டுப் பிடுங்கினால், சார்ஜரில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டு உழைக்கிறது. நானோ இரண்டு ஆண்டுகளாக மூடிவிட்டுத்தான் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

முடிவான மருந்து ஹைபர்நேட். நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு, மின்சாரத்தையே நிறுத்திவிடும். என் கணினியில் அந்தத் தேர்வே கண்ணில் படவில்லை. கட்டளை கொடுத்து முதலில் அதை எழுப்ப வேண்டியிருந்தது. பிறகு கட்டுப்பாட்டுப் பலகத்தின் மின்சார அமைப்பில், மூடியை மூடினால் ஹைபர்நேட் என்று மாற்றினேன். திறக்கும்போது இருபது நொடி காத்திருக்க வேண்டும். தாராளமாகக் காத்திருப்பேன். நேற்று இரவு 71இல் மூடினேன். காலையில் திறந்தபோதும் 71.

நம் ஊரில் இது சார்ஜ் இறங்குகிற தொல்லை மட்டும் அல்ல. லித்தியம் அயனி பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. முழுச் சார்ஜோடு வெப்பத்தில் கிடப்பது அதனினும் ஆகாது. 40 டிகிரி வெயிலில், மூடிய பைக்குள், 100 சதவீதத்தோடு தானே தன்னைச் சுட்டுக்கொண்டிருந்தால் ஆயுள் குறையத்தான் செய்யும். இப்போது வீட்டில் இருக்கும் நாள்களில் 80 சதவீதத்தோடு நிறுத்தும்படி வைத்திருக்கிறேன். தொடுபலகை (டச்பேட்) மேலே தூக்கிக்கொண்டு வந்தால் மட்டும் அமைப்புகளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கிறது, அன்றே நிறுத்திக் கழற்றக் கொடுக்க வேண்டும்.

மற்றபடி இந்தக் கணினியில் குறை சொல்ல எதுவுமில்லை. விசைப்பலகை தங்கம். எண்களை அடித்துக்கொண்டே போகலாம், விரல் சலிக்காது. காட்பாடி நடைமேடையின் வெளிச்சத்திலும் திரை கூசாது. கீல் இன்றும் முதல் நாள் இறுக்கம். எடை தோளுக்குத் தெரியாது. சாதாரணமாகக் கணக்கு எழுதினால் ஐந்து மணி நேரம் தாங்குகிறது.

இத்தனையும் சொல்லிவிட்டு அக்கா மகனுக்கு எழுதினேன்: வேண்டாமப்பா. 9,000 குறைந்தாலும் வேண்டாம். இன்று விற்கிற பல கணினிகளிலும் எஸ் 3 இல்லை என்று தெரிந்தேதான் சொல்கிறேன். மூடிய பொருள் அடங்க வேண்டும். அது அடங்காது என்று பெட்டியின் மேல் ஒரு வரி எழுதாதவர்களின் பொருளுக்கு நம் வீட்டிலிருந்து இரண்டாவது முறை பணம் போக வேண்டாம்.

காலையில் பதில் வந்தது. "வாங்கிவிட்டேன் மாமா. நேற்று இரவே சலுகை முடிந்துவிடும் என்றார்கள்." ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன். வரும்போது சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மூடு என்றும் சொல்லியிருக்கிறேன்.