ஈரான் அணுசக்தி விவகாரம்: ஒரு ஆடியோ பாடத்தொடர் கேட்ட அனுபவம்

பணம் கட்டித்தான் கேட்டேன், மொத்தம் பன்னிரண்டு பகுதிகள். அமெரிக்காவும் ஈரானும் மோதிக்கொள்ளும் கதையாகவே இதுவரை படித்துப் பழகியவன் நான். இந்தத் தொடர் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி மூன்றின் பக்கத்திலிருந்து கதையைச் சொல்கிறது, அதற்காகவே வாங்கலாம்.

2003 அக்டோபரில் அந்த மூன்று நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் டெஹ்ரானுக்கே போய், யுரேனியம் செறிவூட்டலை (அணு உலை எரிபொருளுக்கும், அளவு கூடினால் அணுகுண்டுக்கும் உதவும்படி யுரேனியத்தின் தரத்தை உயர்த்துவதை) நிறுத்திவைக்கச் சம்மதம் வாங்கியதில் தொடங்குகிறது. அப்போது அமெரிக்கா பேச்சுவார்த்தைக்கே வரவில்லை. 2013-ல் ஓமான் வழியாக அமெரிக்கா ஈரானுடன் ரகசியமாகப் பேசியதையும், அந்த நவம்பரில் ஜெனீவாவில் இடைக்கால ஒப்பந்தத்தின் வரைவு போதாது என்று பிரான்ஸ் முட்டுக்கட்டை போட்டதையும் அடுத்தடுத்து வைத்துச் சொல்லும்போதுதான், கூட்டாளிகளுக்குள் எவ்வளவு உரசல் இருந்தது என்பது புரிந்தது.

ஈரான் தன் அணுத் திட்டத்தைக் கட்டுப்படுத்த, பதிலுக்குத் தடைகளைத் தளர்த்துவது என்று 2015-ல் போட்ட ஒப்பந்தத்திலிருந்து 2018 மே மாதம் டிரம்ப் விலகிய பிறகு வரும் மூன்று பகுதிகள்தான் உச்சம். ஐரோப்பா எவ்வளவோ எதிர்த்தும், அமெரிக்காவின் டாலர் தடைக்குப் பயந்து அவர்களுடைய கம்பெனிகளே ஈரானை விட்டுக் கிளம்பின. டாலர் இல்லாமல் ஈரானுடன் வியாபாரம் செய்ய மாற்று வழியாக ஐரோப்பிய நாடுகள் 2019-ல் தொடங்கிய இன்ஸ்டெக்ஸ் அமைப்பு, 2023-ல் மூடுவதற்குள் ஒரே ஒரு பரிவர்த்தனையைத்தான் முடித்தது, அதுவும் மருத்துவப் பொருட்களுக்கு. இதைக் கேட்டபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. 2020 ஆகஸ்டில் ஈரான் மீதான ஆயுதத் தடையை நீட்டிக்க அமெரிக்கா பாதுகாப்பு கவுன்சிலில் கொண்டுவந்த தீர்மானத்தை டொமினிகன் குடியரசு மட்டும் ஆதரிக்க, இந்த மூன்று நாடுகளும் ஒதுங்கி நின்றன. அதே மூன்று நாடுகள் 2025 ஆகஸ்டில் தாங்களே ஐ.நா. தடைகளைத் திரும்பக் கொண்டுவரும் நடைமுறையைத் தொடங்கின. நடுவில் என்ன மாறியது? ஈரான் அணுகுண்டுத் தரத்துக்கு நெருக்கமாக, 60 சதவீதம் வரை யுரேனியத்தைச் செறிவூட்டியது, உக்ரைன் போரில் ரஷ்யாவுக்கு டிரோன் கொடுத்தது, இரண்டையும் பொறுமையாக விளக்குகிறார்கள்.

குறை என்றால், 2010 மே மாதம் பிரேசிலும் துருக்கியும் ஈரானிடம் பேசி 1,200 கிலோ யுரேனியத்தைத் துருக்கிக்கு அனுப்பச் சம்மதிக்க வைத்த கதை. நேட்டோவில் இருக்கும் துருக்கி, அடுத்த மாதமே பாதுகாப்பு கவுன்சிலில் புதிய தடைகளுக்கு எதிராக ஓட்டுப் போட்டது. கூட்டாளிகளைப் பற்றிய தொடரில் இதற்கு நான்கு நிமிடம்தானா? எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

அப்புறம், எழுத்து வடிவம் கிடையாது. தேதிகளும் தீர்மான எண்களும் குவியும் இடங்களில் நிறுத்தி நிறுத்தி நானே குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. விற்பவர்களுக்கு எழுதினேன், பதில் வரவில்லை. அடிப்படை தெரிந்தவர்கள் தாராளமாக வாங்கலாம், புதிதாகத் தொடங்குபவர்கள் 2015 ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு நல்ல கட்டுரையாவது படித்துவிட்டு வாருங்கள்.